செமாக்ளூடைடு ஊசியோடு ஃபென்டெர்மின் மாத்திரையையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா?

மழைத்துளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பத்து மாதங்களாக உட்சுரப்பியல் (ஹார்மோன் நோய்) மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில், எடை குறைவதற்காக வாரம் ஒருமுறை செமாக்ளூடைடு ஊசி போட்டு வருகிறேன். தொடக்கத்தில் 98 கிலோவாக இருந்த எடை, ஏழு மாதங்களில் 87 கிலோவுக்கு இறங்கியது. அதன் பிறகு மூன்று மாதங்களாக ஒரு கிலோகூடக் குறையவில்லை. குமட்டல் அதிகமாக இருந்ததால் ஊசியின் அளவை 1 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றாமல் வைத்திருந்தார்கள்.

எடை அப்படியே நின்றுவிட்டதை அந்த மருத்துவரிடம் சொல்வதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. என் மீதுதான் குறை இருக்கிறது என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று தயங்கி, அவரிடம் போகாமல் வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். அவர் தினமும் காலையில் எடுத்துக்கொள்ளும்படி, பசியை அடக்கும் ஃபென்டெர்மின் 37.5 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். ஊசி போடுவதை அவரிடம் சொன்னேன். ஆனால், மனச்சோர்வுக்காக இரண்டு ஆண்டுகளாக மனநல மருத்துவர் கொடுத்துவரும் புப்ரோபியான் 300 மில்லிகிராம் மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை; எடைக்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தைராய்டு குறைவுக்காக லெவோதைராக்சினும் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபென்டெர்மின் தொடங்கி இன்றோடு நான்கு நாள் ஆகிறது. பசி அடங்கியிருப்பது உண்மைதான். ஆனால் வாய் வறண்டுபோகிறது. நேற்று இரவு இரண்டரை மணி வரை உறக்கம் வராமல், தலையணையில் காதை வைத்தால் என் இதயம் அடிப்பதே கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து வீட்டிலுள்ள கருவியில் பார்த்தபோது இரத்த அழுத்தம் 148க்கு 94, நாடி 106. வழக்கமாக 124க்கு 80, நாடி 78 என்ற அளவில்தான் இருக்கும். இந்த மருந்துகளைச் சேர்த்து எடுப்பது பாதுகாப்பானதா? உடல் பழகும் வரை சில நாட்கள் பொறுத்துப் பார்க்கலாமா?

மருந்துப்பெட்டி (மறுமொழி):

வணக்கம் சகோதரி. நான் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: பொறுத்துப் பார்க்க வேண்டாம். நாளைக் காலை மாத்திரையை எடுப்பதற்கு முன்பு, அதை எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, புப்ரோபியான் எடுப்பதையும், நீங்கள் இங்கே குறிப்பிட்டிருக்கும் இரத்த அழுத்த, நாடி அளவுகளையும் அப்படியே சொல்லுங்கள். அவரைப் பிடிக்க முடியாவிட்டால், பேசும் வரை அடுத்த மாத்திரையை எடுக்காமல் இருப்பதே நல்லது. நான்கு நாள் மட்டுமே எடுத்த ஃபென்டெர்மினை நிறுத்தி வைப்பதால் தீங்கு வராது. புப்ரோபியானை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் மனநலத்தைத் தாங்கி நிற்கும் மருந்து. அதைப் பற்றிய முடிவை மனநல மருத்துவர்தான் எடுக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், மயக்கம், கடுமையான தலைவலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் யாருடைய அழைப்புக்காகவும் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

இனி, ஏன் இப்படி நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன். ஃபென்டெர்மின் மூளையில் நோர்அட்ரினலின் என்ற நரம்புச் செய்திப் பொருளை அதிகமாக வெளிவிடச் செய்து பசியை அடக்குகிறது. அதே பொருள்தான் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, உறக்கத்தைக் கெடுக்கிறது. வெளிவந்த நோர்அட்ரினலினை நரம்பு முனைகள் திரும்ப உள்ளிழுத்துக்கொள்வதைத் தடுப்பது புப்ரோபியானின் வேலை. ஒன்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவது போன்றது. மற்றொன்று வடிகாலை அடைப்பது போன்றது. போதாததற்குச் செமாக்ளூடைடும் தன் பங்குக்கு நாடித் துடிப்பைச் சற்று உயர்த்தக்கூடிய மருந்துதான். மூன்றையும் எடுக்கும்போது உங்கள் நாடி 106க்குப் போனது வியப்புக்குரியது அன்று.

புப்ரோபியானைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அடுத்ததாக நீங்கள் தவறக்கூடிய இடம் இதுதான். உடல் எடை குறைப்பதற்கென்று நால்ட்ரெக்சோனும் புப்ரோபியானும் ஒரே மாத்திரையில் சேர்ந்த மருந்து ஒன்று 2014 முதல் அமெரிக்காவில் ஒப்புதலோடு பயன்பாட்டில் இருக்கிறது. அதன் முழு அளவில் நாளொன்றுக்கு 360 மில்லிகிராம் புப்ரோபியான் உடலுக்குள் போகிறது. மனச்சோர்வு மாத்திரையைச் சொல்லாமல் விட்ட ஒருவருக்கு நாளை வேறொரு மருத்துவர் அதை எழுதிக் கொடுத்தால், 300ம் 360ம் சேர்ந்து 660 ஆகிவிடும். புப்ரோபியானின் உச்ச வரம்பு 450. இந்த மருந்தில் வலிப்பு வரும் ஆபத்து அளவைப் பொறுத்தே ஏறுகிறது: 300 மில்லிகிராம் வரை ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு, 450க்கு நெருங்கும்போது ஆயிரத்தில் நால்வருக்கு. பெயர்கள் வேறு வேறாக இருப்பதால் இரண்டும் ஒரே மருந்து என்பது மாத்திரை அட்டையைப் பார்க்கும் நமக்குத் தெரிவதில்லை. ஆகவே வணிகப் பெயரை விட்டுவிட்டு, அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருளின் பெயரைப் படிக்கும் பழக்கம் வேண்டும். நால்ட்ரெக்சோன் பங்குக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலி நிவாரணிகளின் வேலையை முடக்கிவிடும், அவற்றை வழக்கமாக எடுப்பவருக்குக் கடுமையான விலகல் அறிகுறிகளையும் கொண்டுவரும்.

ஊசிகளுக்கும் இதே கதைதான். செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு, டிர்செபடைடு ஆகிய மூன்றும் ஒரே வாயிலைத் தட்டுகின்றன, அதாவது உடலில் ஒரே ஏற்பியின் வழியாக வேலை செய்கின்றன. டிர்செபடைடு கூடுதலாக இன்னொரு வாயிலையும் தட்டுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. நீரிழிவுக்கு ஒருவரும் எடைக்கு ஒருவருமாக இரண்டு ஊசிகளை எழுதிக் கொடுத்த சீட்டுகளை நானே கையில் வாங்கியிருக்கிறேன். இவற்றில் இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது. எடை இரட்டிப்பாகக் குறையாது. வாந்தியும் நீர்ச்சத்து இழப்பும்தான் மிகுந்து, சிறுநீரகம் வரை பாதிப்பு போகும்.

நாடித்துடிப்பு (மறுமொழி):

நான் உடல் பருமன் சிகிச்சையில் பல ஆண்டுகளாக இருக்கும் மருத்துவன். மேலே மருந்தாளுநர் எழுதியிருப்பதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் எழுத நினைப்பது, எடை நின்றுவிட்டது என்று நீங்கள் வருந்துவதைப் பற்றி.

98 கிலோவில் 11 கிலோ என்பது பதினொரு சதவீதத்துக்கும் மேல். எடைக்கான செமாக்ளூடைடின் வழக்கமான முழு அளவு 2.4 மில்லிகிராம். 2021ல் வெளியான பெரிய ஆய்வில், அந்த முழு அளவை 68 வாரங்கள் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. நீங்கள் அதில் பாதிக்கும் குறைவான அளவில் இருந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது, பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உரக்கக் கூவத் தொடங்குகின்றன. ஆகவே ஒரு கட்டத்தில் எடை நிற்பது உடலின் இயல்பு. உங்கள் ஒழுக்கக் குறைவுக்கு அது சான்று அன்று. கூச்சத்தால் முதல் மருத்துவரைத் தவிர்த்தீர்கள் என்று படித்தபோது எனக்கு மனம் கனத்தது, ஏனெனில் அவரிடம் போயிருந்தால் இரண்டாவது மருந்துக்கே தேவை வந்திருக்காது: 1 மில்லிகிராமிலிருந்து 1.7க்கு ஏற்றிப் பார்க்கும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. தொடக்கத்தில் வந்த குமட்டல் பல மாதங்கள் கழித்து அதே வேகத்தில் திரும்ப வரும் என்பதும் இல்லை.

அப்படியானால் இரண்டு எடை மருந்துகளைச் சேர்ப்பதே தவறா என்றால், இல்லை. ஊசியோடு குறைந்த அளவு ஃபென்டெர்மினைச் சேர்த்துத் தரும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது ஒப்புதல் பெற்ற முறை அன்று. இரண்டும் சேர்ந்தால் பாதுகாப்பானது என்று நிறுவப்படவில்லை என்பதை ஃபென்டெர்மினின் விவரத்தாளே சொல்கிறது. பலனும் நாம் நினைக்கும் அளவுக்கு இருப்பதில்லை. ஓராண்டு லிராக்ளூடைடு எடுத்தவர்களுக்கு ஃபென்டெர்மினைச் சேர்த்து 12 வாரங்கள் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடச் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மருந்துகளைச் சேர்ப்பதில் எங்கள் துறை ஒரு பெரிய அடியை வாங்கியிருக்கிறது. ஃபென்டெர்மினுக்கு 1959லும், ஃபென்ஃப்ளூரமினுக்கு 1973லும் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தனித்தனியே ஒப்புதல் பெற்ற இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு எந்த ஒப்புதலும் கிடைக்கவில்லை. ஆயினும் 1992ல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு அந்த இணை இலட்சக்கணக்கானோருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1997ல் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள், இந்த இணையை எடுத்துக்கொண்ட 24 பெண்களின் இதய வால்வுகளில் அசாதாரணமான தடிப்பும் கசிவும் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். அவர்களில் எவருக்கும் அதற்கு முன்பு இதய நோய் இருந்ததில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தீங்கு செய்தது அதுதான், ஃபென்டெர்மின் அன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. அதனால்தான் ஃபென்டெர்மின் இன்றும் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாத்திரையும் தனியே நல்லதென்றால் இரண்டும் சேர்ந்தும் நல்லதாகத்தான் இருக்கும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. அதை எண்ணும்போது, புதிய இணையை எழுதுவதற்கு முன் எனக்கு இன்றும் கை சற்று நிற்கிறது.

என் நோயாளிகளுக்கு நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு மருந்துகளைத் தொடங்குவதில்லை; அப்படித் தொடங்கினால் எது பலன் தந்தது, எது தொல்லை தந்தது என்று பிரித்தறியவே முடியாது. முதல் மருந்தைத் தாங்கக்கூடிய உச்ச அளவுக்குக் கொண்டுபோய் மூன்று மாதம் பார்க்கிறேன். அதற்குள் தொடக்க எடையில் ஐந்து சதவீதமாவது குறையவில்லை என்றால், அந்த மருந்தின் மேல் இன்னொன்றை அடுக்குவதைவிட, அதை நிறுத்திவிட்டு வேறொன்றுக்கு மாறுவதே பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், வேலை செய்யும் விதமும் தொல்லை தரும் உறுப்பும் வேறு வேறாக உள்ள மருந்தைத் தேர்ந்தெடுத்து, முதல் சில வாரங்களுக்கு வீட்டிலேயே நாடியையும் இரத்த அழுத்தத்தையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். கட்டுப்படாத இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் ஆகியவை உள்ளவர்களுக்கு ஃபென்டெர்மினைத் தருவதில்லை. எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற வகை மனச்சோர்வு மருந்து எடுத்து 14 நாட்கள் கடக்காதவர்களுக்கும் அப்படியே. தைராய்டு குறைவுக்கு நீங்கள் எடுக்கும் லெவோதைராக்சின் அளவு தேவைக்கு மிஞ்சினால் அதுவும் படபடப்பைக் கொண்டுவரும் என்பதால், அந்த இரத்தப் பரிசோதனையையும் இப்போதே செய்துகொள்ளுங்கள்.

கரும்பலகை (மறுமொழி):

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள், கணித ஆசிரியை. ஃபென்டெர்மினும், வலிப்புக்குத் தரும் டோபிரமேட்டும் ஒரே குளிகையில் சேர்ந்த எடை மருந்தை ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொண்டவள் என்ற முறையில் எழுதுகிறேன். 2012ல் ஒப்புதல் பெற்ற இணை அது. ஒப்புதல் பெற்ற இணையிலும் எவ்வளவு கவனம் வேண்டியிருக்கிறது என்பதை அனுபவித்தவள் நான்.

முதல் இரண்டு வாரம் மிகச் சிறிய அளவில் தொடங்கி, பிறகுதான் ஏற்றினார்கள். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருந்தது; அதைப் பொறுத்துக்கொண்டேன். உச்ச அளவுக்கு ஏற்றிய பிறகு ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் வட்டம் வரைந்து, அதன் நடுவே கோடு போட்டுவிட்டுத் திரும்பினேன். அந்தக் கோட்டின் பெயர் வாயில் வரவில்லை. சுண்ணக்கட்டியைக் கோட்டின் மேல் வைத்தபடியே நின்றேன். இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்த சொல் அது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "விட்டம், மிஸ்" என்று மெதுவாகச் சொன்னாள். அன்று மாலையே மருத்துவரை அழைத்தேன். டோபிரமேட் சிலருக்குச் சொற்களைத் தேட வைக்கும் என்று சொல்லி அளவைக் குறைத்தார். சில வாரங்களில் சரியாகிவிட்டது.

அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். உச்ச அளவை எடுப்பவர்கள் குறைந்தது ஒரு வாரமாவது ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்துத்தான் விடவேண்டும். இல்லையென்றால் வலிப்பு வரக்கூடும். கருவில் உள்ள குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரும் ஆபத்து இருப்பதால், தொடங்கும் முன்பும் பிறகு மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னார்கள். சிறுநீரகக் கல் வராமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்.

மழைத்துளி அவர்களே, நீங்கள் புப்ரோபியானைச் சொல்ல மறந்ததைப் போலவே எனக்கும் நேர்ந்தது. உயரமான மலைப் பகுதிக்குப் பயணம் போவதற்காக, வேறொரு மருத்துவர் உயர மலை நோய் வராமலிருக்க அசெட்டசோலமைடு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் மாத்திரைக்கு எடை மருந்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். மருந்துக்கடையில் என் பழைய சீட்டுகளைப் பார்த்த பெண்மணிதான் தடுத்தார். டோபிரமேட்டும் அசெட்டசோலமைடும் ஒரே நொதியைத் தடுக்கும் மருந்துகளாம். சேர்ந்தால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும், கல் உண்டாகும் வாய்ப்பும் கூடும். அன்றிலிருந்து நான் எடுக்கும் எல்லாவற்றையும், விட்டமின் மாத்திரை உட்பட, ஒரே தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். பல் மருத்துவரிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுகிறேன்.

மழைத்துளி:

உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் மறுமொழியைப் படித்த அன்றே ஃபென்டெர்மினை எழுதிய மருத்துவரை அழைத்தேன். புப்ரோபியான் என்ற பெயரைக் கேட்டதும், "ஃபென்டெர்மினை உடனே நிறுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் நாடி 82க்கு வந்தது. இரவு பதினொரு மணிக்கே உறங்கிவிட்டேன். இரத்த அழுத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

நேற்று என் பழைய உட்சுரப்பியல் மருத்துவரைப் பார்த்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, "மூன்று மாதத்துக்கு முன்பே வந்திருக்கலாமே அம்மா" என்று மட்டும் சொன்னார். ஊசியை 1.7 மில்லிகிராமுக்கு ஏற்றியிருக்கிறார். மனநல மருத்துவருக்கும் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு சரியாகவே இருக்கிறது.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். என் அக்கா எடை குறைய ஆர்லிஸ்டாட் என்ற மருந்தை எடுக்கிறார். அது குடலில் மட்டுமே வேலை செய்கிறது, இரத்தத்தில் பெரிதாகக் கலப்பதில்லை, ஆகவே எந்த மருந்தோடும் சேர்க்கலாம் என்று சொல்கிறார். அவருடைய அட்டையிலிருந்து எனக்கும் கொடுக்க முன்வந்தார். வாங்கவில்லை, ஆனால் அவர் சொல்வது சரியா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மருந்துப்பெட்டி:

நாடி இறங்கியது கேட்டு மிகுந்த நிம்மதியாக இருக்கிறது, சகோதரி. வாங்காமல் இருந்ததும் சரியே.

உங்கள் அக்கா சொன்னதில் முதல் பாதி உண்மை. ஆர்லிஸ்டாட் உணவிலுள்ள கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுத்து வெளியேற்றுகிறது. இதயத்தையோ மூளையையோ அது தொடுவதில்லை. ஆனால் கொழுப்போடு சேர்த்து மற்றவற்றையும் வெளியே கொண்டுபோய்விடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஏ, டி, ஈ, கே ஆகிய விட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. ஆகவே ஆர்லிஸ்டாட் எடுப்பவர்கள் விட்டமின் மாத்திரையைக் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளியில், படுக்கப்போகும்போது எடுப்பது வழக்கம். விட்டமின் கே குறைந்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தம் உறையும் அளவு மாறிவிடும். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவை அது இரத்தத்தில் குறைத்துவிடும்; அது மாற்று உறுப்புக்கே ஆபத்து. வலிப்பு மருந்துகளும் சரியாக உறிஞ்சப்படாமல் போனதுண்டு.

உங்களைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது லெவோதைராக்சின். ஆர்லிஸ்டாட் அதையும் உறிஞ்சவிடாமல் செய்யக்கூடும் என்பதால் இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். செமாக்ளூடைடோடு சேர்ந்தால் இருவகை வயிற்றுத் தொல்லையும் ஒன்றாக வரும்; இரண்டு மருந்துகளுமே பித்தப்பைக் கல் உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுபவை. அளவை இப்போதுதான் 1.7க்கு ஏற்றியிருப்பதால், வயிற்றுக்கு இன்னொரு புதிய சுமையை இப்போது கொடுக்காதீர்கள்.

அக்காவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "மூலிகை" என்ற பெயரில் எடை குறைப்புக் குளிகைகள் எதையாவது ஆர்லிஸ்டாட்டோடு சேர்த்து எடுக்கிறாரா என்று கேளுங்கள். மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரித்ததால் 2010ல் திரும்பப் பெறப்பட்ட சிபுட்ரமின் என்ற மருந்து, அத்தகைய குளிகைகளில் மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைப் பல நாட்டு ஆய்வகங்கள் மீண்டும் மீண்டும் கண்டுபிடித்திருக்கின்றன. அதுவும் நோர்அட்ரினலினை உயர்த்தும் மருந்துதான். அட்டையில் அதன் பெயர் இருக்காது.

உங்கள் எடை இன்னும் இறங்கினால் லெவோதைராக்சின் தேவையும் மாறலாம். இன்னும் ஆறு முதல் எட்டு வாரங்களில், தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை மறுபடி செய்ய வேண்டுமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்டு, நாளைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.